மூன்றாம் மாடியில் தோட்டம்

12-7-2011, செவ்வாய்
காலையிலேயே கொளுத்தும் வெயில். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி ஒரகடம் சைட்.
மூன்றாம் மாடி வரை ஏறினேன். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலும் தோட்டத்துக்காக ஒன்றரை அடி தளத்தை இறக்கி வரைந்திருந்தேன், மண் நிரப்ப. எட்டு மாத உழைப்பு. போய்ப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் கக்கூஸ் குழாய்! மூன்று மாடியிலும்! சுற்றிலும் சுவர் வேறு.
கொத்தனார் கன்னியப்பன் சாவகாசமாக: "தளம் எறங்கி இருந்தா பாத்ரூம்தான மேடம்? இருவது வருசமா அப்பிடித்தான் கட்டிக்கினு கீறோம். மாடில மண்ணு கொட்டுவாங்கன்னு எவன் கண்டான்?"
வரைபடத்தில் 'தோட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. படிக்கவில்லையாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

13-7, புதன்
முதலாளியிடம் சொன்னேன். சிரிக்கிறார்!
"வுடும்மா, நல்லதாப் போச்சு. வாங்கறவன் வாடகைக்குத்தான் வுடுவான். ஒரு வூட்ல எட்டு கம்பெனிப் பசங்க இருப்பானுங்க. ஷிஃப்ட் டைம்ல ஒரு பாத்ரூம் பத்துமா? செடியா வாடகை குடுக்கும்?"
நான்காம் மாடியும் அப்படித்தானாம். புது வரைபடம் நான்தான் போட வேண்டும். விளம்பரத் தாளில் மட்டும் பச்சைப் பசேல் தோட்டம் அப்படியே. எடுக்கச் சொன்னேன். "புக்கிங் முடியட்டும்."
கொத்தனார் செய்தது தவறு. இது அயோக்கியத்தனம்.

14-7, வியாழன்
வாங்க: தலைவலி மாத்திரை, டிரேசிங் பேப்பர், அம்மா போனுக்கு ரீசார்ஜ்.
நான்காம் மாடி வரைபடம் போடவில்லை. வேண்டுமென்றேதான். ராஜினாமா கடிதம் இரண்டு முறை எழுதி, இரண்டு முறை கிழித்தேன்.

16-7, சனி
தூறல். சைட்டில் ஒரு கணவன் மனைவி. மூன்றாம் மாடியில் வீடு புக் செய்தவர்கள். குடியிருக்கத்தான், வாடகைக்கு விட இல்லை. திருநெல்வேலிப் பக்கம். அவர் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி லைனில் வேலை. ஏழு வருடமாக ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. அவள் கையில் விளம்பரத் தாள், மடித்து மடித்துக் கோடு விழுந்தது. கான்கிரீட் வேலை நடக்கிறது என்று சொல்லி முதலாளி அவர்களை மேலே விடவில்லை. என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.
"நீங்கதான் வரைஞ்சீங்களாமே மேடம். முருங்கை வச்சா வருமா?"
"ஏட்டி, மூணாவது மாடில முருங்கையா?" என்று அவர் சிரித்தார்.
வாயைத் திறந்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"முருங்கைக்கு மண்ணு பத்தாதும்மா," என்றேன். "மல்லி வையுங்க."