அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை

இலஞ்சி,
ஆடி மாதம்.

அன்பு மகள் அபர்ணாவுக்கு அப்பா எழுதுவது. கனடாவில் நீயும் மாப்பிள்ளை மணிமுத்துவும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு இலஞ்சி குமாரரைக் கும்பிட்டுக்கிட்டு எழுதுதேன். இங்கன நாங்க சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், மனசு வரலை. போன்ல சொல்லலாம்னா அம்மா பக்கத்துலயே இருக்கா, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா.

சித்திரையில தென்காசி பஸ் ஸ்டாண்டுல அவளுக்குத் தலை சுத்தி உக்காந்துட்டா. ஆஸ்பத்திரியில பார்த்தா சுகர், பிரஷர், ரத்தத்துல கொழுப்பு எல்லாமே கூடுதல், இடுப்பைக்கூட டேப் வச்சு அளந்தாங்க. ஐம்பத்தி மூணு வயசுல இது ஏன்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா திருப்பி எங்கிட்ட, உங்க வீட்டம்மா எத்தனை மணி நேரம் தூங்குதாங்கன்னு கேட்டாங்க. ஏழெட்டு மணி நேரம்னு சட்டுனு சொல்லிட்டேன். அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நாலரைன்னா. பத்து வருஷமா அப்படித்தானாம். பதினொன்றரை வரைக்கும் பிளவுஸ் தைக்கா, நாலு மணிக்குக் குழாயில தண்ணி வருதுன்னு எந்திரிக்கா. எந்தத் தெருவுல எவன் எப்ப நடமாடுதான்னு சொன்ன போலீஸ்காரன் நான், முப்பத்தோரு வருஷமா அவளுக்கு முந்திப் படுத்து அவளுக்குப் பிந்தி எந்திரிச்சு, அவ தூங்கிப் பார்த்ததே இல்லை.

தூக்கம் குறைஞ்சா சுகர் கூடலாம், மாதவிலக்கு நின்ன பிறகு பொம்பளைங்க உடம்பு மாறும், தூக்கமும் கெடும்னாங்க. அப்ப தூக்கம் கெட்டதால சுகரா, சுகர் வந்து ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போறதால தூக்கம் கெட்டதான்னு கேட்டா, ரெண்டுமே இருக்கலாம்னுட்டாங்க. சரி, நிறைய தூங்குனா போதும்னு நினைச்சா, பக்கத்து வீட்டு சனோபர் பத்து மணி நேரம் தூங்குதா, நாப்பது வயசுதான், அவளுக்கும் சுகர். கூடுதலா தூங்குததே வேற சீக்கோட அடையாளமா இருக்கலாம்னு அவளைத் தைராய்டு பார்க்கச் சொல்லியிருக்காங்க. குறைஞ்சாலும் தப்பு கூடினாலும் தப்புன்னா நான் என்னத்தைச் சொல்லி அம்மாவைப் படுக்க வைக்க.

இப்ப தண்ணி பிடிக்கது நான்தான். முதல்ல அவ தூங்கலை, குடம் நிரம்பிட்டு, குழாயை அடைங்கன்னு படுத்த இடத்துல இருந்தே சத்தம் போட்டா. ஒருநாள், சும்மா படுத்திருந்தா இனி நான் எதுக்கும் வேண்டாம்னு ஆன மாதிரி இருக்குன்னு அழுதா. போன வியாழக்கிழமை ஆறரை ஆகியும் எந்திரிக்கலை, கையைக் கன்னத்துக்குக் கீழ வச்சு, வாயை லேசாத் திறந்துக்கிட்டு தூங்குதா. சந்தோஷப்படவா பயப்படவான்னு புரியாம, மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வச்சேன். முழிச்சுத் திட்டினா. சுகர் இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கு. மாத்திரையாலயா தூக்கத்தாலயான்னு டாக்டரம்மாவுக்கே உறுதியாச் சொல்ல முடியலை, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்கன்னாங்க.

உனக்கும் ராத்திரி ஷிப்ட். நல்லா தூங்குதேன்னு நீ சொன்னதை நான் நம்பிக்கிட்டேன், என் நம்பிக்கை எந்த லட்சணத்துல இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ஒரு தடவை சுகர் பார்த்திரு தாயி. எத்தனை மணி நேரம் தூங்குதேன்னு உண்மையை எழுது, மாப்பிள்ளைகிட்ட கேட்டு எழுதாதே, அவருக்குத் தெரிஞ்சிருக்காது. வாட்ஸ்அப்ல போடாதே, அம்மா பார்த்திருவா. குமாரர் உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதியான தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒண்ணும் புரியாம இருக்க உன் அப்பா,
நல்லக்கண்ணு