ரோஷீன் என்று ஒரு பெயர்

லாங்ஃபோர்ட்
5 ஏப்ரல் 1965

அன்புள்ள ரோஷீன்,

உன் பச்சை உடுப்பை இன்று காலை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். இடுப்பில் ஒரு அங்குலம் பிரித்துவிட வேண்டியிருந்தது. சுற்றி வளைத்தால் இன்னும் வலிக்கும் என்றுதான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

அவள் பெயர் அட்ராக்டா மோரன். இறைச்சிக் கடையில் கல்லாவில் இருந்தவள், கோயிலில் பாடுகிறவள். தவக்காலத்துக்காக மூடிய நடன மண்டபங்களை ஈஸ்டர் ஞாயிறன்று திறக்கிறார்கள். ஆறு மண்டபத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'ரோஷீன் அண்ட் த சாட்டின்ஸ்' என்று சுவரொட்டியும் அச்சாகி வந்துவிட்டது. நீயோ தொண்டையில் அறுவை முடிந்து, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு படுத்திருக்கிறாய். ஆகையால் மேடையில் அவள்தான் ரோஷீன். மற்ற மூவரும் அப்படிக் கூப்பிடப் பழகுகிறார்கள். ஃபிலோமினா மட்டும், "அந்த ரோஷீனைத் திட்டினா திருப்பித் திட்டுவா, இது அழுதுடுது" என்கிறாள்.

முட்டை விற்று, துணிக்கடை வைத்து, விலைபோகாமல் கிடந்த சாட்டினில் உங்கள் நால்வருக்கும் உடுப்புத் தைத்தவள் நான். குரல் திரும்பியதும் உன் இடம் உனக்குத்தான்.

பிரைடி டல்லி

பர்மிங்காம்
11 ஏப்ரல்

மிஸஸ் டல்லி அவர்களுக்கு,

உடுப்பு உங்கள் துணி, கொடுத்தீர்கள். பெயர் என் அம்மா வைத்தது. 'மாட்டேன்' என்று சொல்லக்கூட வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டீர்களே.

இங்கே தண்ணீர் வேண்டுமென்றாலும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறேன். பக்கத்துக் கட்டில் அம்மாள், "இப்படி ஒரு மருமக எனக்கு வாய்க்கலையே" என்கிறாள். "சிரிக்கவும் கூடாது, மிஸ் மக்கீவர்" என்று நர்ஸ் அதட்டுகிறாள்.

அம்மாவிடம் அறுவையைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா தொண்டைக் கட்டியில்தான் போனார். எனக்கு வந்தது சாதாரணக் கட்டிதான் என்றாலும் அந்தச் சொல்லை அவள் தாங்கமாட்டாள். தவக்காலத்தில் நாம் இங்கிலாந்துக்குப் பாட வந்தது அவளுக்குத் தெரியும்; ஈஸ்டருக்குப் பிறகும் இங்கே கச்சேரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அம்மா இருக்கும் எங்கள் லெட்ரிம் பக்கம் அந்தப் பெண்ணை அழைத்துப் போகாதீர்கள்.

ரோஷீன்

லாங்ஃபோர்ட்
20 ஏப்ரல்

அன்புள்ள ரோஷீன்,

ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே மண்டபத்தில் ஆயிரத்து இருநூறு பேர். நான் லெட்ரிம் போகவில்லை. உன் அம்மாதான் லெட்ரிமிலிருந்து பேருந்து பிடித்து இங்கே வந்துவிட்டார். அங்கே சுவரொட்டி ஒட்டக் கூடாது என்று ஒட்டுகிற ஆளிடம் சொல்ல மறந்தது என் தப்பு. அதைப் பார்த்துவிட்டு, மகள் ஊர் திரும்பியும் வீட்டுக்கு வரவில்லையே என்று கையில் கேக்கோடு கிளம்பியிருக்கிறார்.

கடைசிப் பாட்டு வரை சுவரோரம் நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளை நல்லாத்தான் பாடுது. என் பிள்ளை எங்க, மிஸஸ் டல்லி? உயிரோட இருக்காளா?" என்றார். அப்படிக் கேட்டவரிடம் எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன், கட்டி என்பதையும். கேக்கை அட்ராக்டாவிடம் நீட்டி, "நீயே சாப்பிடும்மா. இதைத் தூக்கிட்டு நான் திரும்பிப் போகமுடியாது" என்றார்.

அட்ராக்டா அதைத் தொடவில்லை.

பிரைடி டல்லி

பர்மிங்காம்
27 ஜூன்

மிஸஸ் டல்லி அவர்களுக்கு,

நேற்றுப் பேசினேன். முதல் சொல் 'டீ'. யாரோ ஆண்பிள்ளை வார்டுக்குள் வந்துவிட்டான் என்று நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். குரல் இனி இப்படித்தான் இருக்கும் என்கிறார் மருத்துவர். துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நம் கடைசிப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். மேலே போகும் இடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. கீழே நன்றாக நிற்கிறது.

முன்னால் நிற்க வேண்டாம். பின்வரிசையில் கீழ்க்குரல் பாடுகிறேன். இடம் எனக்குத்தான் என்று எழுதினீர்கள், கடிதம் என்னிடம் இருக்கிறது. நான் மேடையில் நிற்பதை அம்மா ஒரு தடவை பார்த்தால் போதும். ஈஸ்டருக்குப் பிறகு அவள் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

ரோஷீன்

லாங்ஃபோர்ட்
4 ஜூலை

அன்புள்ள ரோஷீன்,

முடியாது. எழுதிக் கொடுத்தது நான்தான், வாக்குத் தவறுவதும் நான்தான். ஒரு மேடையில் இரண்டு ரோஷீன் நின்றால் ஜனம் பாட்டைக் கேட்காது, உங்கள் இருவரையும் வேடிக்கைதான் பார்க்கும். வானொலிக்காரர்கள் ஓராண்டு நிகழ்ச்சி கேட்கிறார்கள், அட்ராக்டாவின் குரலுக்காக, உன் பெயரில். நீ கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். மற்ற மூவரின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

என் கடையில் வேலை தருகிறேன். வேண்டாமென்றால் பெயருக்கு விலை சொல். பேரம் பேசமாட்டேன்.

பிரைடி டல்லி

பர்மிங்காம்
12 ஜூலை

மிஸஸ் டல்லி,

கடை வேலை வேண்டாம். இதே ஆஸ்பத்திரியில் துணி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே யாரும் பாடச் சொல்லமாட்டார்கள். போன வாரம் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். "யாருங்க நீங்க?" என்றாள். பெயரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல ஒருத்தி லாங்ஃபோர்ட்ல பாடுறா, அங்க கேளுங்க" என்று வைத்துவிட்டாள். கோபமா, குரல்தான் தெரியவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மேடையிலும் வானொலியிலும் பெயர் இனி அட்ராக்டாவுக்கு. எனக்கு நூறு பவுண்டு, ஒரே தடவையில். லெட்ரிமில் எந்தச் சுவரிலும் அந்தப் பெயர் ஒட்டக் கூடாது.

மிஸ் மக்கீவர்