நீர்மூழ்கிக்குப் போன தொக்கு

செங்கல்பட்டு,
19.1.2025

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஜோஷ்வாவுக்கு,

உன் தாய்மாமனும், செங்கல்பட்டு – மாமல்லபுரம் சுற்றுலா வேன் சாம்ராஜ்யத்தின் ஒரே சக்கரவர்த்தியுமாகிய சின்னராசு எழுதுவது. நானும் வேனும் நலம். இனி நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆகையால் கைவைக்காமலே சொல்கிறேன்.

நீ கேட்டுக்கொண்டபடி உன் அம்மாவிடம் பேசுவதற்காகப் புதன்கிழமை மாமல்லபுரம் போனேன். பேச வேண்டியது என்னவென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். கடற்படையில் உன் பதினைந்து வருஷம் ஜூனோடு முடிகிறது. நீயோ விசாகப்பட்டினத்தில் புதுப்பித்துக்கொண்டிருக்கிற அந்த நீர்மூழ்கிக் கப்பலிலேயே இன்னும் மூன்று வருஷம் இருக்க ஆசைப்படுகிறாய். மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். உன் அம்மாவோ, பிள்ளை வந்துவிடுவான் என்று பூஞ்சேரி வீட்டுக்கு மேலே ஓர் அறை எழுப்பி, ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் அடித்து, மறைமலைநகர் பக்கம் உனக்கு வேலைக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். இரண்டு ரயில் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வருகின்றன. நடுவில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னை அனுப்பியிருக்கிறாய். நல்ல மருமகன்.

நான் போன நேரம் அக்கா தன் மீன் கடையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையில் மத்தியானமே கலங்கரை விளக்கத்தைப் போட்டுவிட்டார்கள். கடலில் இருந்த கப்பல்களெல்லாம் இரவு என்று நினைத்து நங்கூரம் பாய்ச்சின. நான் தைரியத்தைத் திரட்டி, “அக்கா, நம்ம ஜோஷ்வா…” என்று ஆரம்பித்தேன். அவள் கரண்டியைத் தூக்கினாள். உங்கள் ஏவுகணைகூட அந்தக் கரண்டியைக் கண்டால் பாதி வழியில் திரும்பிப் போய்விடும்.

“இன்னாடா, புள்ளைக்கு எதுனா ஆச்சா?”

“ஒண்ணும் ஆவலக்கா. நல்லா கீறான்.”

“அப்பறம் எதுக்கு மூஞ்சிய இப்டி வச்சிகினுகீற? குந்து. மீன் துண்ணு.”

தின்றேன். நான்கு துண்டு. நாட்டுக்காகத் தின்றேன். விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்காதே. போனில் புளுகினால் என் சிரிப்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்துக்கு முகம் கிடையாது.

கடற்படை மட்டும்தான் நவீனமாக வேண்டுமா? என் வேனுக்கும் பின்னால் பார்க்கிற கேமரா பொருத்திவிட்டேன். இதுவரை இரண்டு எருமைகளையும் ஒரு போக்குவரத்துக் காவலரையும் எதிரி என்று கண்டுபிடித்திருக்கிறது. போன மழையில் மதுராந்தகம் சாலையில் இந்த வேன் ஜன்னல்வரை தண்ணீரில் ஓடியதே, அதனால் இதுவும் நீர்மூழ்கிதான். உங்கள் கப்பலில் என்னென்ன ஏவுகணை வைத்திருக்கிறார்கள் என்று எழுது. யாரிடமும் சொல்லமாட்டேன், வேனில் ஏறுகிறவர்களைத் தவிர.

உன் மனைவி ஜெபாவுக்கு என் ஆசிகள்.

உன் மாமன்,
சின்னராசு


விசாகப்பட்டினம்,
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெபாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, “இவ்வளவு எழுதியிருக்காரே, அத்தைகிட்ட சொன்னாரா இல்லியா?” என்று கேட்டாள். நான்தான் திரும்பவும் தேடிப்பார்த்து, சொல்லவில்லை என்று கண்டுபிடித்தேன்.

ஏவுகணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் எழுத முடிந்த பதில்: பெயின்ட் நல்ல கறுப்பு.

எழுதக் கூடியதை எழுதுகிறேன். எங்கள் கப்பல் எனக்கு மூத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதன் உடம்பை அறுத்துத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் போயிற்று, பேட்டரி போயிற்று, கிலோமீட்டர் கணக்கில் வயர் போயிற்று. வெறும் கூடு மட்டும் நின்றது. அதற்குள் நின்று கூப்பிட்டால் கிணற்றில் கூப்பிட்ட மாதிரி இருக்கும். இப்போது எல்லாம் புதிதாக உள்ளே வந்துவிட்டது. தண்ணீருக்கடியில் எங்களுக்குக் கண் கிடையாது, காதுதான். அந்தக் காதும், அதாவது சோனார் கருவியும், புதிது. அதில் உட்கார்ந்து கேட்பதற்கு என்னைத்தான் ஒரு வருஷம் பழக்கினார்கள். பிரித்துப்போட்டபோது கூட இருந்துவிட்டு, முதல்முதலாக அது மூழ்கப்போகிற சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மனசு வரவில்லை மாமா.

இப்போது எடை பார்க்கிற வேலை நடக்கிறது. பழையதை எடுத்துப் புதியதை வைத்ததில் கப்பலின் கனம் மாறியிருக்கும் அல்லவா? உள்ளே போகிற ஒவ்வொன்றுக்கும் எடை போடுகிறார்கள். ஒரு பக்கம் கூடினால் தொட்டித் தண்ணீரை மறுபக்கம் மாற்றுவோம். ஓர் ஆள் இறங்கிப்போனால்கூட அவன் எடைக்குத் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டலாம். அப்போதுதான் நீருக்குள் சாயாமல் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அம்மாவிடம் சொல்லப்பார்க்கிறேன். நான் “அம்மா” என்றால் அவள் “சாப்டியா” என்கிறாள். சாப்பிட்டேன் என்றால் “என்னா கொழம்பு?” என்கிறாள். அதோடு மேல் அறை ஜன்னலில் காற்று எப்படி வருகிறது என்று தொடங்கிவிடுகிறாள். அதற்கப்புறம் எனக்கு வாய் வருவதில்லை.

அம்மா வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் போடவும் மாட்டேன். அதனால்தான் உங்களைக் கேட்டேன்.

அம்மா மாதாமாதம் அனுப்புகிற தொக்கில் போன மாதப் பாட்டில் காலி. நண்பர்கள் பாட்டிலைக் கழுவி அந்தத் தண்ணீரையும் சோற்றில் ஊற்றிக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இதில் புளுகு இல்லை.

அன்புடன்,
ஜோஷ்வா


செங்கல்பட்டு,
11.2.2025

அன்பிற்சிறந்த மருமகனுக்கு,

வெற்றி. பாதி வெற்றி. கோட்டைச் சுவரில் ஏணியைச் சாய்த்துவிட்டேன், ஏறுவதுதான் பாக்கி.

நீ எடையைப் பற்றி எழுதியது எனக்குப் பெரிய ஆயுதமாகப் போயிற்று. கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அக்காவிடம் கப்பல் பேச்சைத் தொடங்கினேன். முதலில் சிரிக்கவைப்போம், அப்புறம் விஷயத்தைச் சொல்வோம் என்பது என் ராஜதந்திரம்.

“அக்கா, உன் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கால இன்னா ஆச்சு தெர்மா? கப்பல எட போட்டாங்களாம். எடது பக்கம் சாஞ்சிகினே கீதாம். பெரிய ஆபீசருங்கல்லாம் டில்லிலேர்ந்து பிளேன்ல வந்து, எஞ்சினக் கழட்டிப் பார்த்து, பேட்டரியக் கழட்டிப் பார்த்து, கடைசியா ஜோஷ்வா பெட்டியத் தொறந்தா, உள்ள உன் பாட்டில். அத்தத் தூக்கி வெளிய வச்சாங்க, கப்பல் ஜம்முனு நிமிந்துட்ச்சாம்.”

மருமகனே, பக்கத்தில் சங்கரா மீன் தின்றுகொண்டிருந்த பெங்களூர்க்காரருக்குச் சிரித்ததில் முள் சிக்கிக்கொண்டது. இரண்டு உருண்டை சோறு விழுங்கவைத்துக் காப்பாற்றினேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்தாள். சட்டியில் இருந்த மீனைத் திருப்பிப்போட மறந்தாள். அதுவும் நல்ல அறிகுறிதான், என் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. உன் கையெழுத்து விஷயத்தை அடுத்த படையெடுப்புக்கு ஒதுக்கிவைத்தேன்.

வேனுக்குப் புது ஹாரன் வாங்கினேன். வேடந்தாங்கலில் ஒரு தடவை அடித்தேன். சைபீரியாவிலிருந்து வரவேண்டிய பறவைகள் பாதி வழியிலேயே நின்று யோசிக்கின்றனவாம்.

உன் மாமன்,
சின்னராசு


விசாகப்பட்டினம்,
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பிப்ரவரித் தொக்கு வரவில்லை. மார்ச்சும் வந்துவிட்டது, பார்சல் இல்லை. பதினைந்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. நீங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள், அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நானும் ஜெபாவும் நினைத்துக்கொண்டோம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் “சாப்டியா” என்று கேட்கவில்லை. “நீ இப்போ என்னா எடடா கீற?” என்று கேட்டாள். எழுபத்தொன்று என்றேன். “அவ்ளோ ஆவாது, கொறைச்சிக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் புரிந்தது. அம்மா நம்பிவிட்டாள் மாமா. தன் பாட்டிலால் கப்பல் சாய்ந்தது என்று நம்பி, பிள்ளைக்கு ஆபத்து வரக் கூடாதென்று அனுப்புவதை நிறுத்தியிருக்கிறாள். உங்கள் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்புவதற்கு உங்கள் அக்கா ஒருத்தி இருக்கிறாள்.

நானே போனில் சொல்லி இதைத் தீர்த்துவிடலாம். ஆனால் நீங்கள் போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்கள். நேரில் போய் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒரு பாட்டில் தொக்கால் கப்பல் சாயாது. நான் அந்தக் கப்பலில் இன்னும் மூன்று வருஷம் இருக்க ஆசைப்படுகிறேன், அவள் சரி என்றால்.

இருபத்தெட்டாம் தேதி வரைதான் எனக்கு நேரம். அதற்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஜூனில் வந்துவிடுவேன். அம்மாவின் மனசு தெரியாமல் கடலுக்கடியில் போய் உட்கார்ந்தால் எனக்கு வேறெதுவும் காதில் விழாது.

ஒரே ஒரு கடிதம் புளுகு இல்லாமல் எழுதுங்கள்.

ஜோஷ்வா


செங்கல்பட்டு,
20.3.2025

என் கண்ணான மருமகன் ஜோஷ்வாவுக்கு,

புளுகு இல்லாமல் எழுதச் சொன்னாய். எழுதிப் பார்த்தேன். மூன்று வரியில் முடிந்துவிட்டது. ஒட்டுகிற தபால்தலைக்கே அது அவமானம் என்று கிழித்துப் போட்டுவிட்டு, என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டேன். முதலில் அதை வைத்துக்கொள், மூச்சு விடு.

உன் கடிதம் கிடைத்ததும் வேனை எடுத்தேன். புது ஹாரனை அடித்துக்கொண்டே போனதில் திருக்கழுக்குன்றம் முதல் கடல் வரை போக்குவரத்து இரண்டாகப் பிரிந்து, செங்கடல் போல வழிவிட்டது. கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் இறங்கியவன், பயத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன். வெள்ளைக்காரர்கள் என்னை ஏழாம் நூற்றாண்டுச் சிலை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு சிற்பி வந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்து, “வேலை அவ்ளோ சுத்தமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கடைக்குப் போனேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதற்காகக் கடல் ஓரடி முன்னால் வந்து நின்றது.

“அக்கா, அந்தத் தொக்குக் கத, நான் சும்மா உட்டது.”

அவள் கரண்டியைத் தேடவில்லை.

“அப்போ கப்பலு சாயலியா?”

“சாயலக்கா. சாஞ்சாலும் தண்ணிய அந்தாண்ட மாத்தி நிமித்திடுவாங்களாம். ஜோஷ்வாதான் எழுதிகீறான்.”

“அடப் பேமானி. ரெண்டு மாசமா புள்ளைக்கு ஒண்ணும் அனுப்பாம குந்திகீறேன்டா நானு.”

அந்தச் சூட்டோடு சூடாக மற்றதையும் சொல்லிவிட்டேன். மூன்று வருஷம், மார்ச் இருபத்தெட்டு, கையெழுத்து, எல்லாம். ஒரே மூச்சில் சொன்னேன், இரண்டாவது மூச்சுக்கு உயிர் இருக்குமோ இருக்காதோ என்று.

சட்டியில் இருந்த மீனை எடுத்து எண்ணெய் வடியவைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

“சொல்றானா, கேக்கறானா?”

“கேக்கறான்.”

“வாணாம்னா?”

“ஜூன்ல வந்துடுவான். உன் மேல் வூட்ல குந்துவான்.”

“அவன் கெளம்பிட்டா, அந்தக் கப்பலு? அவன் கனம் கொறையும்ல?”

“அவன் எடைக்குத் தண்ணி ரொப்பிடுவாங்களாம்.”

“என் புள்ள இருந்த எடத்துக்குத் தண்ணியா?”

“அப்டித்தான் எழுதிகீறான்.”

அக்கா கிலோ கணக்கில் மீன் நிறுக்கிற தராசை இழுத்து முன்னால் வைத்தாள். பரணில் இருந்த சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். வீட்டில் அவள் குழம்புக்கென்று வைத்திருந்த தொக்கைக் கொண்டுவரச் சொல்லி என்னையே பூஞ்சேரிக்கு விரட்டினாள். கொண்டுவந்ததும் அதை அழுத்தி நிரப்பி, மூடியைத் திருகி, தராசில் வைத்து, முள் ஆடி நிற்கும்வரை பார்த்தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அதன் மேல் எடையைப் பேனாவால் எழுதினாள்.

“இன்னாத்துக்குக்கா? அதான் சாயாதுன்னு சொன்னேனே.”

“நீ சொல்றத நான் ஏன்டா நம்பணும்? அவுங்க கணக்குக்கு ஆவும். எழுதி அனுப்பு. தண்ணிலாம் ரொப்ப வாணாம், அவனே இருக்கட்டும்.”

மருமகனே, வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் தொக்கை எடை போட்டு அனுப்பமாட்டாள். நீ கையெழுத்துப் போடலாம்.

இதைக் கேட்டதும் கடல் ஆரவாரம் செய்துகொண்டு பின்வாங்கியது. வெண்ணெய் உருண்டைப் பாறை இரண்டடி உருண்டு, வெட்கப்பட்டு மறுபடி தன் இடத்துக்குப் போயிற்று. மேல் அறையை அக்கா இப்போது கருவாட்டுக் கிடங்காக மாற்றிவிட்டாள். நீல ஜன்னல் வழியாக வருகிற வாசனையில் பூஞ்சேரிப் பூனைகள் ஊர்வலம் நடத்துகின்றன. நீயும் ஜெபாவும் லீவில் வந்தால் உங்களுக்குப் படுக்க இடம், என் வேன்தான்.

என் ராஜதந்திரத்தைப் பாராட்டிக் கடற்படை எனக்கு ஏதாவது பதக்கம் கொடுக்கும் என்றால், அதன் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். வேன் தாங்கும்.

உன் மாமன்,
சின்னராசு

பி.கு.: சிலை, சிற்பி, செங்கடல், பாறை, பூனை ஊர்வலம் எல்லாம் என் சொந்தச் சரக்கு. கடையில் தராசை வைத்து நடந்த அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம். நம்பமாட்டாய், தெரியும். பார்சல் தனியாக வருகிறது. வந்ததும் பாட்டிலைத் திருப்பிப் பார். முந்நூற்றுப் பத்து கிராம், மூடியோடு சேர்த்து.