பெயர் போடாத செய்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

டெல்லியிலிருந்து பானு. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்துவிட்டதா?

பெண்களுக்கான எங்கள் செய்தி நிறுவனத்தில் என் முதல் செய்தி வந்துவிட்டது. நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கழிப்பறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் போனில் சொன்னார்.

“எம் பேரு மட்டும் வேண்டாம்ட்டி, வேலை போயிரும்” என்றார். அவர் யாரென்று உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

பெயரில்லாமல் வெளியிட முடியாது என்றார் ஆசிரியர். “அப்படியென்றால் இந்தச் செய்தியே வேண்டாம், மேடம்” என்றேன். பயிற்சிக்கு வந்தவள் இப்படிப் பேசியதை நினைத்துப் பயப்படாதீர்கள், அவர் கோபப்படவில்லை. நான் மொழிபெயர்க்க, அக்காவிடம் தானே பேசி உறுதி செய்துகொண்டு, பெயரில்லாமலே வெளியிட்டார்.

நேற்று அக்கா கூப்பிட்டார். “பூட்டத் தொறந்துட்டாவ, ஏட்டி! இனிமே வேலை நேரத்துல பயமில்லாமத் தண்ணி குடிப்போம்” என்றார்.

கம்பு மாவு கொஞ்சம் அனுப்புங்கள். ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்தும்போது அப்பா போடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது செய்திக்குத் தேவைப்படும். கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
பானு