கீழே நலம், மேலே நலம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் கீழே நலம், உன் அப்பா மேலே நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரே தளத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் கேட்டாயே, இவ்வளவு சிரிச்சுப் பேசிக்கிறீங்க, பேசாம கேஸை வாபஸ் வாங்கிடலாம்ல என்று. அதற்குப் போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், அப்புறம் யார் என்ன சொன்னோம் என்றே தெரியாமல் போகும். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வக்கீலம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், கேட்ட உடனே விவாகரத்து கிடைக்காது, ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்து காட்டினால்தான் நீதிபதி நம் பக்கம் திரும்பியே பார்ப்பார் என்று. வேறு வீடு பார்க்க முடியாவிட்டால் மாடியும் கீழுமாக இருக்கலாம், ஆனால் உன் அப்பாவுக்கு நான் சமைக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, நடுவில் சேர்ந்து வாழ்ந்துவிட்டு மறுபடி முறைத்துக்கொண்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குமாம். சமையல் சரி, துவைக்கக் கூடாதென்றால் எப்படி? ஊரார் அழுக்கை வெளுப்பதுதானே என் பிழைப்பு. வக்கீலம்மா யோசித்துவிட்டு, அப்படின்னா கடைக்கு வந்து எல்லாரையும் போலக் காசு கொடுத்து ரசீது வாங்கட்டும் என்றார். உன் அப்பாவும் அழுக்குப் பையோடு வரிசையில் வந்து நின்றார். இஸ்திரி போடும் நம் தங்கப்பல்லுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடிவிட்டார். இத்தனை வருஷம் குறியே இல்லாமல் துவைத்த சட்டைகளுக்கு, முதல் முறையாகக் காலருக்குள் மையால் குறி போட்டேன்.

உனக்கு இன்னும், ஒரு ஸ்கூட்டருக்காகவா இவ்வளவு என்ற நினைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் உன் அப்பா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிப்பது அவர் தொழில், ஆனால் வீட்டுக்கு வந்தும் அவர் காலை எடுக்கவில்லையே. கடைக்கு என்ன பெயிண்ட், உன்னை எந்தப் படிப்பில் சேர்ப்பது, என் தம்பி வந்தால் எத்தனை நாள் தங்குவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். கடைசியில் நான் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை, வளைவில நீ சரியா திரும்ப மாட்டேங்குற என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு வந்து டீ கேட்டார். டீயைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வக்கீலம்மா வீட்டுப் படியேறினேன்.

இப்போது நடந்த கூத்தைக் கேள். போன மாதம் அவர் சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்து, கைப்பழக்கத்தில் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என் பீரோவில் பழைய இடத்திலேயே அடுக்கிவிட்டேன். இவர் ரசீதோடு கடையில் போய் நிற்க, தங்கப்பல்லுக்காரர் அலமாரியைத் தலைகீழாகப் புரட்ட, கடையா நடத்துறீங்க என்று வாடிக்கையாளர் மிடுக்கில் ஒரு சத்தம் வேறு. தங்கப்பல்லுக்காரர் போனில் கேட்டதும் பீரோவைத் திறந்து பார்த்த எனக்குப் பகீரென்றது, சட்டைகள் இங்கேதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இதைச் சேர்ந்து வாழ்ந்த கணக்கில் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். காசு வாங்கினீங்களா என்றார், வாங்கினேன் என்றேன், அப்ப வேலையைப் பாருங்க என்று வைத்துவிட்டார். அதற்குள் கதவு தட்டும் சத்தம். கதவு திறந்துதான் கிடந்தது, ஆனாலும் உன் அப்பா வெளியிலேயே நின்று, சட்டை எடுத்துக்கணும், உள்ள வரலாமா என்று கேட்டார். கண்ணு, கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதே இல்லை. நான் சட்டைகளை எடுத்து எண்ணி முடித்து, வாங்க என்கிறவரை அவர் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து தட்டாமல் வருவதில்லை. வந்தால் ரிவர்ஸ் போடச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்கிற மாணவரைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் சிரிப்பேன். நீ போனில் கேட்ட சிரிப்பு அதுதான்.

ஆனாலும் வாபஸ் வாங்கப்போவதில்லை. அவரைப் பிடிக்காமல் இல்லை, தட்டிவிட்டு நிற்கிற இந்த மனுஷனை நிஜமாகவே பிடித்திருக்கிறது, பயமே அதுதான். சேர்ந்துவிட்டால் அடுத்த வாரமே தட்டுவதை மறந்துவிடுவார், நானும் மறுபடி வாயை மூடிக்கொள்வேன். நீதிபதி கேட்டா என்ன சொல்லப்போற என்று அவரே கேட்டார், வாபஸ் இல்லை என்று சொன்னேன். மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறமும் தட்டினா திறப்பியா என்றார். தட்டிப் பாருங்க, தெரியும் என்றேன். அவர் மேலே போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

வரும் வியாழக்கிழமை கோர்ட். நாங்கள் அப்படிப் பேசிய மறுநாளே மாணவர் ஒருவர் பயிற்சிக் காரைக் கொண்டுபோய்க் கம்பத்தில் மோதிவிட்டார், உன் அப்பா பிரேக்கை மிதிக்காமல் எந்த யோசனையில் இருந்தாரோ. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடப்பதால், கோர்ட்டுக்கு உன்கூட வரலாமா என்றார். என் புது ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அங்கே பிரேக் கிடையாது, வளைவுகளில் அவர் கால் என்ன பாடுபடுகிறதென்று பார்ப்போம்.

கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே, கழுத்து வலிக்கும். மாப்பிள்ளையிடம் எதை விற்பதானாலும் உன்னைக் கேட்டுவிட்டு விற்கச் சொல். இருவரும் மனம் நிறைந்து நீண்ட நாள் வாழுங்கள். லீவுக்கு வரும்போது பழைய சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு நுழையாதே, கீழேயும் தட்டு, மேலேயும் தட்டு. இரண்டு இடத்திலும் உனக்குப் படுக்கை உண்டு.

ஆசிகளுடன்,
கீழ்வீட்டு அம்மா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க உன் அப்பா வாசலில் நிற்கிறார். படிக்கலாமா என்று கேட்டார், கூடாது என்றேன். உறையை ஒட்டாமலே கொடுத்தனுப்புகிறேன்.