மலை இருக்கும் பக்கம் கிழக்கு

அன்புள்ள அண்ணா,

வீடு பதிவாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிதத்தையும் கடைசி வரியிலிருந்து படிக்கிற ஆள் நீ.

ஒப்பந்தம் எழுதிய மூன்றாம் வாரம் நீ போய்விட்டாய். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் நம் வாடகை வீட்டுக்காரர் வந்தார். துக்கம் விசாரித்த கையோடு, தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி, உன் இரண்டு பெண்கள், நான். வாங்குவதாக இருந்த வீடு கைக்கு வராவிட்டால் நான்கு பேரும் எங்கே போவது?

உட்கார்ந்து அழ நேரம் இல்லை. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வரி ரசீது என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

இதற்கிடையில் வீட்டை விற்க ஒப்புக்கொண்ட மாணிக்கத்துக்கு மனசு மாறிவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்கள், விலை ஏறும், இப்போது விற்காதே என்று மெட்ராஸிலிருந்து அவர் மகன் எழுதியிருந்தானாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. கெடுவின் கடைசி நாளன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதிவாளர் ஆபீசுக்கு வந்தார்.

எதிர்க் கடையில் பத்திரம் எழுதும் பெரியவர் உன் ஒப்பந்தத்தையும் மூலப்பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். நான்கெல்லை வந்ததும் நிறுத்தினார். நீ கிழக்கே எண்ணெய்க்கடைக்காரர் வீடு, மேற்கே தெரு என்று எழுதியிருந்தாய். மூலப்பத்திரத்தில் தெருதான் கிழக்கே. வடக்கும் தெற்கும்கூட இடம் மாறிக் கிடந்தன.

மாணிக்கம் எழுந்துவிட்டார். "இதுல இருக்கிற வீடு என்னுது இல்லீங்களே. நான் எப்டி கையெழுத்துப் போடறது?"

உன் கையெழுத்து அழகு என்றுதானே உன்னை எழுதச் சொன்னோம்? உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது தனியாகச் சண்டை போடுவது மாதிரி. அதிலும் அந்தக் காகிதத்தை நான் நான்கு முறை படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற எனக்கும் அது சரியாகவே பட்டிருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதுனது யாருங்க?"

"எங்க அண்ணன்."

"சொந்த ஊரு?"

"அடி அண்ணாமலைங்க. சின்ன வயசுலயே டவுனுக்கு வந்துட்டோம்."

"அதான பாத்தேன். அந்தப் பக்கம் மலை கெழக்கால இருக்கும், இங்க மேற்கால இருக்குது. அந்த ஊர்க்காரங்க எழுதுற காகிதத்துல இந்தத் தப்பு ஜாஸ்தி. மலை எந்தப் பக்கமோ அதான் அவங்களுக்குக் கெழக்கு."

நாம் பிறந்த ஊரில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வரும். டவுனில் மலைக்குப் பின்னால் போய் விழும். முப்பது வருஷமாக இதைப் பார்த்தும் நம் இருவருக்கும் உறைக்கவில்லை.

மாணிக்கம் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். காகிதத்துல தப்பு தப்புதானுங்க."

என்னோடு வந்து ஓரமாக நின்றிருந்த அண்ணி பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து காலையில எழுந்து மலையப் பாத்துதான் சூரியன கும்புடுவாரு. வெயிலு முதுகுல அடிக்கும். இந்தப் பக்கம் திரும்புங்கன்னா, எனக்குத் தெரியும் போடின்னுவாரு."

மாணிக்கம் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சரியா எழுதுங்க. போட்டுத் தரேன்" என்றார்.

அவர் மனசை மாற்றியது எது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தருகே நின்று, நீ போனதற்கு அன்றைக்குத்தான் அழுதேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அண்ணி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

புது வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. சமையலறையில் புகை போக வழி இல்லை, மற்றபடி நல்ல வீடு. பத்திரத்தில் நான்கு திசையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

உன் சின்னவள் காலையில் எழுந்ததும் முற்றத்தில் போய் நிற்கிறாள். மலையைப் பார்த்துக் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வெயில் அவள் முதுகில் அடிக்கிறது. முதல் நாள் அவளைத் திருப்பிவிடப் போன அண்ணி பாதியில் நின்றுவிட்டாள்.

அடுத்த வருஷம் அவள் என் வகுப்புக்கு வருவாள். அங்கே கிழக்கு எது என்று சரியாகச் சொல்லித் தருவேன், அது என் வேலை. வீட்டில் மட்டும் அவளை நான் திருப்ப மாட்டேன் அண்ணா.

உன்னோடு சேர்ந்து திசை தப்பிய
உன் தம்பி