தமிழில்தானே எழுதினேன்

பிரிக்பீல்ட்ஸ்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள நிர்மலனுக்கு,

யுகேந்திரன் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலை இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நீயும் ராஜினியும் கால்கரியில் சுகம்தானே? இங்கே உஷாராணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பெருமையாக நாலு பேருக்குத் தட்டிவிடுவாய் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

ஃபேஸ்புக்கில் நீ போட்ட ஆற்று நிலவரத்தைப் படித்தேன். கோடை முடிகிற நேரத்தில் அங்கே மலை ஆறுகள் வற்றிச் சூடாகிவிடுகின்றன. விடியற்காலையில் மட்டும் இறகுப் பூச்சி கட்டிய ஃப்ளை தூண்டிலை வீசுகிறாய். வெப்பமானியை நீரில் விட்டு, இருபது டிகிரி காட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறாய். அந்தச் சூட்டில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. மேலே உள்ள ஏரிகளில் மட்டும் தண்ணீர் இன்னும் குளிர்ச்சி. நல்லது. அந்த ஊர் மீன்கள் கொடுத்துவைத்தவை.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? இங்கே நம் ஆற்றைப் பற்றி யார் உன்னைக் கேட்டார்கள்? மழையில்லாமல் ஆறு இறங்கும்போது கெலா மீன்களெல்லாம் குளிர்ந்த ஓடை வந்து விழும் அந்த ஒரே மடுவில் ஒதுங்கிவிடும் என்று எழுதினாய். முனியாண்டி கோயில் தாண்டி, பாலத்திலிருந்து எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்றும் எழுதினாய். ஆற்றின் பெயரைச் சொல்லவில்லை என்று பெருமை வேறு. கோயிலையும் பாலத்தையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு? கடைசியில், "அதனால்தான் இந்த மாதத்தில் நாங்கள் அங்கே போகமாட்டோம்" என்று முடித்திருக்கிறாய். கடைசி வரியை எவன் படித்தான்?

போனில் கேட்டபோது சிரித்தாய். "தமிழ்லதானே மச்சான் போட்டேன், எவனுக்குப் புரியப் போகுது லா" என்றாய். தூண்டில் கடையில் மற்றவர்கள் காதில் ஏறாமல் மடுவைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்ட பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை. தமிழ் தெரிந்தவனுக்கும் வலை வீசத் தெரியும் என்று ஏன் உனக்குத் தோன்றவே இல்லை?

போனது யார் தெரியுமா? உஷாராணியின் தம்பி வாசு. கிள்ளானிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, லோரியில் வலையோடு போய் மூன்று நாள் இருந்திருக்கிறான். சனிக்கிழமை ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். "அத்தான், கெலா! நிர்மலன் அண்ணே எழுதினதைப் படிச்சுட்டுதான் போனோம். மடுவுல ஒண்ணு மிச்சமில்ல" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். எனக்கென்று பெரிய மீனை ஒதுக்கி வைத்திருந்தான். இடது உதடு கிழிந்து ஆறிய மீன். நீ பிடித்து, பத்து நிமிடம் நீரோட்டத்தில் தாங்கி நின்று, அதற்குத் தெம்பு வந்ததும் விட்டாயே, அதேதான். குழம்பு வைக்கவா என்று உஷாராணி கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் வாசு முகம் செத்துப்போனது. அவனைத் திட்டி என்ன பயன்? வழி சொன்னது நீ.

மறுநாளே ஆற்றங்கரைக் கம்பத்துக் குடியிருப்புக்குப் போனேன். பன்னிரண்டு வருடமாக நம் இருவரை மட்டும் அந்த ஆற்றில் இறங்கவிட்டவர் தோக் பாத்தின். ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் தலைவரான அவர் பதிலுக்கு நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் இறங்கிய நாட்களில் வராதீர்கள். இந்த முறை கோப்பி தரவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. வந்தவர்கள் பேசியது ஒன்றும் தனக்குப் புரியவில்லை, ஆனால் அது என்ன பேச்சு என்று தெரிந்தது என்றார். "நீயும் உன் கூட்டாளியும் ஆற்றில் நின்று பேசுவீர்களே, அதே பேச்சு. அவர்கள் உன் ஆட்கள்" என்றார். நம் ரகசியப் பாஷை எப்படி வேலை செய்திருக்கிறது, பார்த்தாயா?

நான் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் யார் சொன்னது என்று கேட்டார். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் வாயைக் கட்டிவிட்டது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திருடனைப் போல் அந்தப் பாலத்தைத் தாண்டி வந்தேன், நிர்மலன்.

நீ அந்தப் பதிவை அழித்துவிட்டதாக ராஜினி சொன்னாள். அழித்து என்ன, மடு காலி. என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டாலும் உடனே கொடுக்கிற நிலையில் நான் இல்லை. தோக் பாத்தினுக்கு எழுது. மலாயில், உன் கையெழுத்தில். முச்சந்தி மளிகைக் கடை முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. அவர் மருமகள் அங்கே கடிதத்தை வாங்கிப் படித்துக் காட்டுவாள். விளக்கமெல்லாம் வேண்டாம். "இடத்தைச் சொன்னது யுகேந்திரன் இல்லை, நான்தான்" என்று ஒரு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். தோக் பாத்தினுக்கு எண்பத்தொரு வயது. சீக்கிரம் எழுது.

இன்னமும் நண்பன் என்றே கையெழுத்திடும்,
யுகேந்திரன்